‘செட்’ என்னும் ஆங்கிலச் சொல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலுக்கு மேற்கே ஒரு வாசகசாலையில் மாலை நேரங்களில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். வெளிநாட்டு வேலைக்குத் தேர்வெழுதும் செவிலியர்கள், கல்லூரி மாணவர்கள், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர வேண்டும் என்பதற்காகவே தாமும் படிக்க வரும் தாய்மார்கள், ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறவர்கள் எனப் பலரும் வருகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஒரு முறையாவது தடுக்கி விழுந்த சொல் எஸ், இ, டி என்ற மூன்றே எழுத்துகளால் ஆன ‘செட்’. அவர்கள் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன விடைகளையும், வகுப்பில் நேரமின்றி விட்டுப்போனவற்றைச் சேர்த்து, இங்கே எழுதியிருக்கிறேன்.

இந்தச் சொல்லுக்கு உண்மையில் எத்தனை பொருள்கள் உள்ளன?

அது எண்ணுகிறவரைப் பொறுத்தது. 1989ஆம் ஆண்டு வெளிவந்த ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு, செட் என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் 430 பொருள்களைப் பிரித்துக் காட்டியது. அப், ஆஃப், அவுட் போன்ற சிறு சொற்களோடு சேர்ந்து வரும் தொடர்களையும் கூட்டினால் அந்தத் தொகை ஏறக்குறைய 580 ஆகிறது. அந்த ஒரு பதிவு மட்டும் சுமார் 60,000 சொற்களுக்கு நீண்டது. அந்தப் பதிப்பிலேயே மிக நீளமான பதிவு அதுதான்.

ஆயினும் வினாடி வினாப் போட்டிகளில் ‘மிக அதிகப் பொருள் கொண்ட ஆங்கிலச் சொல் எது?’ என்று கேட்டு, ‘செட்’ என்பதையே விடைத்தாளில் எழுதி வைத்திருப்பவர்கள் அதைத் திருத்திக்கொள்ள வேண்டும். அதே அகராதியின் மூன்றாம் பதிப்புக்கான திருத்தப் பணியில், 2000இல் ‘மேக்’, 2007இல் ‘புட்’, 2011இல் ‘ரன்’ என ஒன்றை ஒன்று முந்தின. ‘ரன்’ என்ற வினைச்சொல்லுக்கு 645 பொருள்கள் காட்டப்பட்டன. நானும் பல ஆண்டுகள் வகுப்பில் செட்டுக்கே முதலிடம் கொடுத்துப் பேசியவன்தான்.

மாணவர்களுக்கான சிறிய அகராதியோ இதே சொல்லைச் சில பத்துப் பொருள்களில் முடித்துவிடும். மேசைமேல் தட்டை வைப்பதும் கடிகாரத்தில் அலாரத்தை வைப்பதும் ஒரே பொருளா, இரண்டு பொருள்களா என்பது அகராதி தொகுப்பவரின் தீர்ப்பு. ஆகவே 430 என்ற எண்ணைக் கண்டு யாரும் அஞ்ச வேண்டியதில்லை.

ஒரே சொல்லுக்கு இவ்வளவு பொருள்கள் எப்படிச் சேர்ந்தன?

முதலில் அது ஒரே சொல் அன்று. இரண்டு வெவ்வேறு சொற்கள் காலப்போக்கில் தேய்ந்து, எழுத்திலும் ஒலியிலும் ஒன்றாகி நிற்கின்றன. இதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலாவது, பழைய ஆங்கிலத்தில் ‘செட்டன்’ என்று வழங்கிய வினை. உட்காருதலைக் குறிக்கும் ‘சிட்’ என்ற வினையின் பிறவினை அது. தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அமர் என்பது தன்வினை, அமர்த்து என்பது பிறவினை. இரு–இருத்து, கிட–கிடத்து, வீழ்–வீழ்த்து என்பவையும் அப்படியே. ஆங்கிலத்திலும் பழங்காலத்தில் இப்படிப்பட்ட இணைகள் இருந்தன. விழுதலைக் குறிக்கும் ‘ஃபால்’ என்பதற்கு, மரத்தை வெட்டி வீழ்த்துவதைக் குறிக்கும் ‘ஃபெல்’ பிறவினை. கிடப்பதைக் குறிக்கும் ‘லை’ என்பதற்கு, கிடத்துவதைக் குறிக்கும் ‘லே’ பிறவினை. அந்த வரிசையில் ‘சிட்’ என்பது அமர். ‘செட்’ என்பது அமர்த்து.

அமர்த்து என்ற தமிழ்ச் சொல்லையே பாருங்கள். வேலைக்கு ஆளை அமர்த்துகிறோம், வாடகைக்கு வண்டியை அமர்த்துகிறோம், கோபத்தை அமர்த்துகிறோம்; இரவில் படுக்கப் போகும்போது ‘லைட்டை அமத்து’ என்று நம் பக்கத்து வீடுகளில் சொல்கிறோம். ஒரு பொருளை அதன் இடத்தில் இருக்கச் செய்தல் என்ற அடிப்படையிலிருந்து இத்தனையும் கிளைத்தன. ஆங்கிலச் சொல்லும் அதே வழியில்தான் கிளைவிட்டது. கல்லைப் பதித்தல், விலையைக் குறித்தல், நாளை நிச்சயித்தல், பொறியை வைத்தல், ஒடிந்த எலும்பைப் பொருத்துதல் ஆகிய எல்லாமே ஒன்றை அதற்குரிய இடத்தில் இருத்துதல்தான்.

இரண்டாவது சொல் லத்தீன் மொழியிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. பின்தொடர்தல் என்ற பொருளுடைய வினையிலிருந்து பிறந்த ‘செக்டா’ என்ற லத்தீன் பெயர்ச்சொல், ஒருவரைப் பின்தொடரும் கூட்டத்தைக் குறித்தது. அதுவே சமயப் பிரிவைக் குறிக்கும் ‘செக்ட்’ என்றும், தொகுதியைக் குறிக்கும் ‘செட்’ என்றும் இரண்டு வடிவங்களில் ஆங்கிலத்திற்குள் நுழைந்தது. பிற்காலத்தில், ஒன்றாக அமர்த்தி வைக்கப்பட்டவை என்ற எண்ணமும் இதோடு கலந்துகொண்டதால், இரு சொற்களுக்கும் நடுவே இருந்த வரப்பு சற்று அழிந்துவிட்டது உண்மை. ஆனால் கற்கிறவர் அந்த வரப்பை மனத்தில் போட்டுக்கொள்வது நல்லது.

ஒரு வாக்கியத்தில் வருவது எந்த ‘செட்’ என்பதை எப்படி அறிவது?

நாகர்கோவிலின் வடசேரியில் கிடைக்கும் எடுத்துக்காட்டைவிடச் சிறந்தது எனக்குத் தெரியவில்லை. ‘நாகர்கோவில் கோயில் நகைகள்’ என்ற பெயரில் புவிசார் குறியீடு பெற்ற நகைகள் அங்கேதான் செய்யப்படுகின்றன. தெய்வத் திருமேனிகளுக்குச் சாத்தும் அணிகளாகத் தொடங்கிய அந்த வேலைப்பாடு, இப்போது பரதநாட்டியம் ஆடுகிறவர்களுக்குத்தான் பெரும்பாலும் போகிறது. நெற்றிச்சுட்டி, சூரியப்பிறை, சந்திரப்பிறை, ஒட்டியாணம் எல்லாம் சேர்ந்ததை ‘ஒரு செட்’ என்று கேட்டு வாங்குகிறார்கள். இது இரண்டாவது சொல். ஒன்றையொன்று தொடர்ந்து வரும் கூட்டம். அந்த ஒவ்வோர் அணியிலும் சிவப்புக் கற்களைக் குழிக்குள் பதிக்கும் வேலைக்கு ஆங்கிலத்தில் பெயர் ‘செட்டிங்’. இது முதலாவது சொல். கல்லை அதன் இருக்கையில் அமர்த்துதல். ஒரே நகைப்பெட்டிக்குள் இரண்டு செட்டும் இருக்கின்றன.

அடையாளம் காணும் வழி எளிது. எண்ணிக்கை சொல்ல முடிந்தால், முன்னால் ‘ஒரு’, ‘இரண்டு’ என்று போட முடிந்தால், அது தொகுதி. யாரோ ஒருவர் எதையோ ஓரிடத்தில் அல்லது ஒரு நிலையில் வைக்கிறார் என்றால் அது வினை. மாலையானால் வாலிபால் வலை கட்டும் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை இன்னும் எளிதாகச் சொல்லலாம். முதலில் 25 புள்ளிகள் எடுத்து, இரண்டு புள்ளி முன்னிலையும் பெறும் அணி வெல்வது ஒரு செட். ஐந்தாவது செட்டாக இருந்தால் 15 புள்ளிகள் போதும். அந்தச் செட்டுக்குள், அடிக்கிறவருக்கு வாகாகப் பந்தை மேலே தூக்கி வைத்துக்கொடுக்கிறவர் ‘செட்டர்’.

சூரியன் மறைவதற்கு ஏன் இந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார்கள்?

கன்னியாகுமரியில் கூட்டத்தோடு நின்று சூரியன் கடலில் இறங்குவதைப் பார்த்திருக்கிற எவருக்கும் இந்தக் கேள்வி எழ வேண்டும். செட் என்பது அமர்த்து என்றால், சூரியனை அமர்த்துகிறவர் யார்? யாரும் இல்லை. இங்கே பிறவினையாகப் பிறந்த சொல் தன்வினையாக நடக்கிறது. அதாவது சூரியன் தானே போய் அமர்கிறது. நிலவுக்கும் விண்மீன்களுக்கும் இதே வழக்குதான். சித்திரைப் பௌர்ணமி மாலையில் அங்கே ஒரு பக்கம் சூரியன் மறைய மறுபக்கம் நிலவு எழும். ஆங்கிலத்தில் அதைச் சொன்னால் ‘சன்செட்’, ‘மூன்ரைஸ்’.

தமிழ்ப் புலவர்கள் சூரியனை உட்கார வைக்கவில்லை, படுக்க வைத்தார்கள். மறையும் கதிரவனைப் பழந்தமிழ் ‘படுஞாயிறு’ என்கிறது. நம் மாவட்டத்தில் மலையாளம் பேசும் வீடுகளில் மேற்குத் திசையைப் ‘படிஞ்ஞாறு’ என்பார்கள். ஞாயிறு படும் திசை என்பதே அதன் பொருள். இங்கே எப்போதும் நான் சற்று நேரம் எடுத்துக்கொள்வேன், ஏனென்றால் ஆங்கில வழக்கு விசித்திரமானது என்று நினைத்து வந்தவர்கள் நம்முடையதும் அதே அளவு விசித்திரமானதுதான் என்று சிரிக்கும் இடம் இது.

தயிரும் சிமென்ட்டும் ‘செட்’ ஆவது எப்படி?

இவையும் சூரியனைப் போன்றவையே. ஓடிக்கொண்டிருந்த ஒன்று ஓரிடத்தில் நிலைத்து அமர்ந்துவிடுகிறது. உறை ஊற்றிய பால் அசையாமல் தயிராகிறது. குழைத்த சிமென்ட் இறுகுகிறது. சாதாரண போர்ட்லாண்ட் சிமென்ட்டுக்கு இந்தியத் தர நிர்ணயம், இறுகத் தொடங்கும் நேரம் 30 நிமிடங்களுக்குக் குறையக் கூடாது, இறுகி முடியும் நேரம் 600 நிமிடங்களுக்கு மிகக் கூடாது என்று வரையறுத்திருக்கிறது. கொத்தனார் ‘செட் ஆவதற்குள் பூசிவிட வேண்டும்’ என்று அவசரப்படுவது அந்த முதல் கணக்கை வைத்துத்தான். செட் ஆவதும் உறுதி பெறுவதும் வேறு வேறு. செட் ஆன பிறகும் பல நாள்கள் தண்ணீர் ஊற்றி நனைக்கிறோமே, அது உறுதிக்காக.

குலசேகரம் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு ரப்பர் பாலைச் சொன்னால் உடனே விளங்குகிறது. காலையில் பால்வெட்டு முடிந்து, சேர்த்த பாலை வடிகட்டி, தண்ணீர் கலந்து, டிஷ்ஷில் ஊற்றி, ஃபார்மிக் அமிலம் சேர்த்து வைக்கிறார்கள். அது கட்டியாக உறைந்த பிறகு உருளைகளுக்கு இடையே கொடுத்து ஷீட் அடித்து, காயவைத்துப் புகையில் இடுகிறார்கள். டிஷ்ஷுக்குள் நடக்கும் அந்த உறைதலை ஆங்கிலத்தில் ‘செட்’ என்று சொல்லலாம். மரத்திலும் சிரட்டையிலும் தானாக உலர்ந்து ஒட்டிக்கொள்ளும் ஒட்டுப்பாலுக்கு அந்தச் சொல்லை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது உலர்தல், அதற்கு வேறு சொல் உண்டு.

இறந்த காலத்தில் இது எப்படி மாறும்?

மாறாது. நிகழ்காலம், இறந்த காலம், எச்ச வடிவம் மூன்றிலும் செட் செட்தான். புட், கட், ஹிட், ஷட், காஸ்ட் ஆகியவற்றின் வகை இது. ‘செட்டட்’ என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும். ‘ஹீ செட்’ என்று கடைசியில் எஸ் இல்லாமல் இருந்தால் அது இறந்த காலம் என்று உறுதியாகச் சொல்லலாம். நிகழ்காலமாக இருந்தால் ‘செட்ஸ்’ என்று வந்திருக்கும். ‘ஐ’ அல்லது ‘தே’ எழுவாயாக வந்தால் வடிவத்தை வைத்துக் காலத்தைச் சொல்ல முடியாது. நேற்று, தினமும் போன்ற சொல் ஒன்று அருகில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ‘இங்’ சேரும்போது எழுத்தில் டி இரட்டிக்கும்.

உட்கார்ந்தான் என்பதற்கு ‘செட்’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. அது ‘சிட்’ என்பதன் இறந்த காலமான ‘சேட்’ என்பதோடு ஒலியில் குழம்புவதால் வருவது. அந்தச் சொல்லுக்கு நடுவில் ஏ எழுத்து. வாயையும் சற்று அகலத் திறக்க வேண்டும்.

இதை ஒரே தமிழ்ச் சொல்லால் மொழிபெயர்க்க முடியுமா?

‘வை’ என்ற சொல் பாதித் தொலைவு கூட வரும். விலை வைத்தல், தீ வைத்தல், பொறி வைத்தல், அலாரம் வைத்தல், பரீட்சை வைத்தல் ஆகிய எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் செட் பொருந்துகிறது. ஒரு மாணவி ‘அப்படியானால் மீன் குழம்பு வைத்தாள் என்பதற்கும் செட் போடலாமா, சார்?’ என்று கேட்டாள். போட முடியாது, குழம்பை ஆங்கிலத்தில் ‘குக்’ அல்லது ‘மேக்’ செய்யத்தான் வேண்டும். அதே போல, மறுமுனையிலும் வை என்ற சொல் கை கொடுக்காத இடங்கள் உண்டு. கதை ஒரு மலையோர ஊரில் செட் செய்யப்பட்டிருக்கிறது என்றால் அந்த ஊர் கதையின் களம். பாட்டை இசைக்கு செட் செய்தார் என்றால் மெட்டமைத்தார். சிறையிலிருந்து செட் ஃப்ரீ செய்தார் என்றால் விடுவித்தார்.

எனவே செட்டைத் தனியாகப் பார்க்காமல், அதன் செயப்படுபொருளைச் சேர்த்துப் பாருங்கள். எதை செட் செய்கிறார்கள் என்பது தெரிந்துவிட்டால் தமிழ் வினை தானாக வந்து நிற்கும். கல் என்றால் பதி, எலும்பு என்றால் பொருத்து, தேதி என்றால் குறி, எடுத்துக்காட்டு என்றால் ‘முன்மாதிரியாக இரு’. பாய்மரப் படகின் காலத்தில் பாயை விரித்தது ‘செட் செயில்’; இப்போது எஞ்சின் படகில் போனாலும், பாயே இல்லாத பெரிய கப்பல் புறப்பட்டாலும், ஆங்கிலம் அந்தப் பழைய சொல்லை விடவில்லை.

அப், ஆஃப், இன், அவுட் சேரும்போது பொருள் மாறுவதேன்?

இந்தச் சிறு சொற்கள் அமர்த்துதலுக்குத் திசை காட்டுகின்றன. எல்லாவற்றையும் இங்கே சொல்லி முடியாது. அடிக்கடி இடறும் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

‘செட் இன்’ என்பது வந்து நிலைகொள்ளுதல். வானிலைச் செய்தியில் பருவமழை ‘செட் இன்’ ஆகிவிட்டது என்றால், ஒரு நாள் பெய்துவிட்டுப் போகும் மழையைச் சொல்லவில்லை. மழைக்காலம் வந்து குடியேறிவிட்டது என்று பொருள். பருவமழைத் தொடக்கத்தைக் குறிக்கும் ‘ஆன்செட்’ என்ற பெயர்ச்சொல்லும் இந்தக் குடும்பமே. கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் இயல்பான நாளாக வானிலைத் துறை ஜூன் 1ஐக் கொள்கிறது. மலையாள மாதக் கணக்கில் இடவப்பாதி என்று நம் பெரியவர்கள் சொல்லும் மழையும் அதுவே. அந்த மழையும் அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையும் நம் மாவட்டத்திற்குக் கிடைப்பதால், ‘செட் இன்’ என்ற தொடரை ஆண்டுக்கு இரண்டு முறை படிக்கும் வாய்ப்பு நமக்கு உண்டு.

‘செட் ஆஃப்’ என்பதற்கு மூன்று முகங்கள். விடியற்காலையில் நாங்கள் ‘செட் ஆஃப்’ ஆனோம் என்றால் புறப்பட்டோம். பட்டாசை ‘செட் ஆஃப்’ செய்தார்கள் என்றால் வெடித்தார்கள். ஒரு தொகையை இன்னொன்றுக்கு எதிரே ‘செட் ஆஃப்’ செய்தார்கள் என்றால் ஈடுசெய்து கழித்தார்கள். ‘செட் அவுட்’ என்பதற்கும் புறப்படுதல் என்ற பொருள் உண்டு. ஆனால் விதிமுறைகள் பிரிவு நான்கில் ‘செட் அவுட்’ செய்யப்பட்டுள்ளன என்று எழுதியிருந்தால், அவை அங்கே வரிசையாக விளக்கப்பட்டுள்ளன என்று பொருள்.

‘செட் அப்’ என்பது நிறுவுதல், அமைத்தல். தமிழில் ‘செட்டப்’ என்றதும் ஒரு போலித்தனம் நினைவுக்கு வருகிறது. ஆங்கிலத்தில் ஒருவரைத் திட்டமிட்டுச் சிக்கவைப்பதையும் இந்தத் தொடரால் சொல்வதுண்டு. ஆனால் கடை வைப்பதும், கணினியைப் பொருத்தி இயக்க நிலைக்குக் கொண்டுவருவதும் குற்றமற்ற ‘செட் அப்’தான். நேர்காணலில் அந்தச் சொல்லைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம்.

நீதிமன்ற ஆவணத்தில் ‘செட் அசைட்’ என்று இருந்தால் என்ன பொருள்?

ரத்து செய்யப்பட்டது என்று பொருள். இந்த ஒரு விடையை மட்டும் அச்சடித்துச் சுவரில் ஒட்டலாம் என்று தோன்றும் அளவுக்கு இதில் குழப்பத்தைக் கண்டிருக்கிறேன். அன்றாட ஆங்கிலத்தில் பணத்தை ‘செட் அசைட்’ செய்வது என்றால் ஒதுக்கி வைப்பது. அதே பொருளைக் கொண்டு, மேல்முறையீட்டில் கீழ்நீதிமன்றத் தீர்ப்பு ‘செட் அசைட்’ ஆனதைத் ‘தீர்ப்பை ஒத்திவைத்திருக்கிறார்கள்’ என்று எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தார் புரிந்துகொண்டு, தங்களுக்குச் சாதகமாக வந்த செய்தியை அறியாமல் சில வாரங்கள் வருந்திக்கொண்டிருந்தார்கள். மனு ‘டிஸ்மிஸ்’ ஆனது என்றால் தள்ளுபடி. உத்தரவு ‘செட் அசைட்’ ஆனது என்றால் அந்த உத்தரவு இனிச் செல்லாது.

வழக்கு நாளன்று ஒரு தரப்பார் வராததால் பிறப்பிக்கப்பட்ட ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணையை நீக்கக் கோரும் மனு, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 9, விதி 13இன் கீழ் தாக்கல் செய்யப்படுகிறது. அந்த மனுவிலும் வருவது இதே தொடர். சட்டத்தில் ‘செட் ஆஃப்’ என்பதும் தனியாக உண்டு. விசாரணைக் காலத்தில் காவலில் கழித்த நாள்களைத் தண்டனைக் காலத்தில் கழித்துக்கொள்வது அது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 428ஆம் பிரிவில் இருந்த அந்த விதி, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 468ஆம் பிரிவாக இருக்கிறது. பொருளைத் தெரிந்துகொள்ள இது போதும். வழக்கை நடத்துவதற்கு வழக்கறிஞரிடம்தான் போக வேண்டும்.

செவிலியர் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

மருத்துவமனையில் நாள்தோறும் சொல்லும் ஐவி செட், டிரெஸ்ஸிங் செட், பல் செட் ஆகிய மூன்றும் தொகுதிச் சொல்லே. இவற்றில் பல் செட்டை அப்படியே ஆங்கிலத்திற்குக் கொண்டுபோகாமல் ‘டெஞ்சர்’ என்று சொல்லுங்கள். வினையாக வரும்போது, எலும்பை ‘செட்’ செய்வது என்பது முறிந்த முனைகளைச் சரியான நிலைக்குக் கொண்டுவந்து பொருத்துதல். கட்டுப் போடுவது அதற்குப் பிந்திய வேலை. நரம்பில் சொட்டுச் சொட்டாக இறங்கும் மருந்தின் வேகத்தை ‘செட்’ செய்வது என்பது குறிப்பிட்ட அளவில் நிறுத்தி வைத்தல். நோயாளி நலமடைந்து வருகையில் ‘செட்பேக்’ ஏற்பட்டது என்று குறிப்பில் இருந்தால் பின்னடைவு. நோயின் பெயருக்கு முன்னால் ‘ஆன்செட்’ என்று இருந்தால் அறிகுறிகள் தொடங்கிய நேரம். கேட்டல் தேர்வில் இந்தச் சொல்லைத் தவறவிட்டு, நேரத்தை மாற்றி எழுதுகிறவர்கள் பலர்.

கணிதப் பாடத்தில் வரும் ‘செட்’ எது?

தொகுதியைக் குறிப்பது. ஒன்பதாம் வகுப்புப் பாடநூலில் ‘கண மொழி’ என்று முதல் பாடமாக நம் பிள்ளைகள் படிப்பது இதைத்தான். இந்தத் துறையின் தொடக்கமாக ஜெர்மானியக் கணிதவியலாளர் கியோர்க் கேண்டர் 1874இல் வெளியிட்ட கட்டுரையைச் சொல்வார்கள். அவருடைய எழுத்தை 1915இல் ஆங்கிலத்தில் பெயர்த்தபோதுகூட அங்கே ‘அக்ரிகேட்’ என்ற சொல்தான் இருந்தது; செட் என்பது பிறகே நிலைபெற்றது.

தமிழில் ‘கணம்’ என்று வைத்தது எனக்கு மிகவும் பிடித்த தேர்வு. சிவகணம், பூதகணம் என்று சொல்லும்போது, இறைவனைப் பின்தொடரும் கூட்டத்தைத்தானே குறிக்கிறோம்? லத்தீன் செக்டாவும் பின்தொடரும் கூட்டமே. கலைச்சொல்லை ஆக்கியவர் இதை எண்ணிச் செய்தாரோ, தற்செயலாக அமைந்ததோ, பொருத்தம் கச்சிதமாக இருக்கிறது. ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்கக் கூடாது. கணிதக் கணத்தில் வரிசைக்கு மதிப்பில்லை; ஒரே உறுப்பை இரண்டு முறை எழுதினாலும் ஒன்றுதான். கடையில் இரண்டு தோசை உள்ள செட் தோசையைக் கேட்டுவிட்டு, கணிதப்படி இரண்டும் ஒன்றுதான் என்று ஒரு தோசையைக் கொடுத்தால் யாரும் ஏற்க மாட்டார்கள்.

நாம் தமிழில் பேசும் ‘செட்’ ஆங்கில ‘செட்’தானா?

வந்தது அங்கிருந்துதான், ஆனால் இங்கே வந்து தனிக் குடித்தனம் வைத்துவிட்டது. மைக் செட், பம்பு செட், திருவிழாவுக்கு ஏற்பாடு செய்யும் மேள செட் எல்லாம் தொகுதிப் பொருளில் இருக்கின்றன. ஓணத்திற்கு உள்ளூர் விடுமுறை கிடைக்கும் நம் மாவட்டத்தில் ‘செட்டு முண்டு’ தெரியாதவர்கள் குறைவு. உடுக்கும் முண்டும் மேலே அணியும் நேரியதும் இணையாக விற்கப்படுவதால் அது செட்டு. இவற்றில் தொல்லை இல்லை.

தொல்லை தருவது ‘செட் ஆகாது’. ‘இந்தச் சட்டை எனக்குச் செட் ஆகாது’, ‘அவருக்கும் எனக்கும் செட் ஆகாது’, ‘இந்த மழைக்குக் கட்டஞ்சாயா நல்லாச் செட் ஆகும்’ என்றெல்லாம் சொல்கிறோம். அவற்றை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னால் சட்டையும் நண்பரும் சாயாவும் தயிரைப் போல் உறையாது அல்லது உறையும் என்றுதான் கேட்கிறவர் புரிந்துகொள்வார். அங்கே தேவைப்படும் சொல் ‘சூட்’. மனிதர்களைப் பற்றியானால் ‘கெட் அலாங்’. வேடிக்கை என்னவென்றால், பொருந்துதலைக் குறிக்கும் அந்தச் ‘சூட்’, கோட்டும் சூட்டும் என்று சொல்லும் உடைத்தொகுதியின் ‘சூட்’ இரண்டும், பின்தொடர்தல் என்ற அதே லத்தீன் வேரிலிருந்து வந்தவை. வழக்கு மாறிப் பேசினாலும் நாம் பங்காளி வீட்டுக்குள்தான் நுழைந்திருக்கிறோம்.

‘செட்டாகக் குடும்பம் நடத்துகிறாள்’ என்பதில் வருவதும் இதுதானா?

இல்லை. அது தமிழில் பழைய சொல். சிக்கனம் என்று பொருள்; ‘சிக்கனமும் செட்டும்’ என்றும், ‘கட்டும் செட்டுமாக’ என்றும் வழங்குவது அதுவே. வணிகத்தைக் குறிக்கும் பழைய பொருளும் அதற்கு உண்டு. ஆங்கிலம் வருவதற்கு முன்பிருந்தே நம்மிடம் உள்ள அந்தச் சொல்லை, ஒலி ஒன்றாக இருக்கிறது என்பதற்காக ஆங்கிலத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

கல்லூரி ஆசிரியர் பணிக்கான ‘செட்’ தேர்வு?

அது சொல்லே அன்று. மாநிலத் தகுதித் தேர்வின் ஆங்கிலப் பெயரில் உள்ள மூன்று முதலெழுத்துகள். அந்தத் தேர்வுக்கு யாராவது வினாத்தாளை ‘செட்’ செய்தால் அது முதலாவது சொல். அந்த வினாத்தாள் ஏ, பி, சி, டி என நான்கு ‘செட்’களாக அச்சாகி வந்தால் அது இரண்டாவது சொல்.